ஐந்து கட்டை ராக் ஸ்டார்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆணி அதிகமாகித் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க மக்களே.

2025 மார்ச்சில் மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் நடந்த லொல்லபலூசா இசை விழாவுக்குப் போயிருந்தேன். கிரீன் டே வந்திருந்தார்கள். இந்தியாவில் அவர்களுக்கு அதுதான் முதல் மேடை. இன்ஜினியரிங் ஹாஸ்டலில் பக்கத்து ரூம் பையனின் பென் டிரைவில் இருந்து எனக்குத் தொத்திக்கிட்ட வியாதி அது. 2004-ல் 'அமெரிக்கன் இடியட்' வந்தபோது நான் விராலிமலைப் பக்கம் டவுசர் போட்டுக்கிட்டு ரெண்டாம் வகுப்பு படிச்சுக்கிட்டிருந்தவன். பத்து வருஷம் லேட்டா ரசிகன் ஆனாலும் வெறி குறையவில்லை. அவர்களோட பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்குக்கு அப்போ 53 வயசு. இனி எப்போ வருவாரோன்னு ஒரு பயத்துல, அப்ரைசல் வர்றதுக்கு முன்னாடியே காசைச் செலவு பண்ணிட்டேன். சொந்தச் செலவில் சூனியம்தான், ஆனா சுகமான சூனியம்.

நான் நின்ற இடத்துக்கும் மேடைக்கும் நூறு மீட்டர் இருக்கும். மேடையில ஒரு விரல் நகம் அளவுக்கு ஆள் தெரியும். மத்ததெல்லாம் ராட்சத ஸ்க்ரீன். பாட்டு ஆரம்பிச்சதும் பக்கத்துல இருந்த முகம் தெரியாத பையன் தோளில் கைபோட்டுக்கிட்டு நானும் கத்தினேன். அழுகையும் வந்தது, அதை இங்கே ஒத்துக்கறதுல வெட்கம் இல்லை. நடுவுல ஒரு நிமிஷம் எனக்குள்ள இருக்கிற பொட்டி தட்டுற புத்தி முழிச்சுக்கிச்சு. சத்தம் ஒரு வினாடிக்கு 340 மீட்டர் சொச்சம்தான் போகும். மேடையில் பாடினது நேரா என் காதுக்கு வரக் கிட்டத்தட்ட 0.3 வினாடி ஆகும். அதனால மைதானத்து நடுவுல கோபுரம் மாதிரி ஸ்பீக்கர்களை நிறுத்தி, மேடைச் சத்தம் அங்கே வந்து சேருகிற நேரத்தைக் கணக்குப் போட்டு, அவ்வளவு தாமதமா அதே சத்தத்தை விடுவார்கள். அப்போதான் எதிரொலி மாதிரி ரெண்டு தடவை கேட்காது. அதாவது நான் கேட்டது பில்லி ஜோவின் தொண்டையை இல்லை. அவர் மைக்கில் பாடி, மிக்ஸர் வழியா, கணக்குப் போட்டுத் தாமதமாக்கி, எனக்குப் பக்கத்துல இருந்த ஒரு கோபுரத்தில் இருந்து வந்த ஒன்றை.

இதெல்லாம் குறை இல்லை. அந்த ஏற்பாடு இல்லைன்னா எனக்கு ஒண்ணுமே கேட்டிருக்காது. ஆனா அந்த நினைப்பு மண்டையில உட்கார்ந்துக்கிச்சு.

அடுத்த மாசம் ஊருக்குப் போனேன். ஊர் கொடும்பாளூர். திருச்சி–மதுரை ரோட்டில் விராலிமலை தாண்டினதும் வரும். 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்கு வானதி ஊர்னு சொன்னாப் போதும், உடனே மரியாதை கூடும். ஊர்ல மூவர் கோயில்னு ஒண்ணு இருக்கு. பூதி விக்கிரமகேசரி என்கிற இருக்குவேள் சிற்றரசர் தனக்கும் தன்னோட ரெண்டு ராணிகளுக்குமா மூணு சன்னிதி கட்டினார். மூணில் ரெண்டுதான் நிற்குது. மூணாவதுக்கு அடித்தளம் மட்டும் மிச்சம். சின்ன வயசுல நாங்க அந்த அடித்தளத்து மேலதான் உட்கார்ந்து கதை பேசுவோம்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதுமே அப்பத்தா விசாரணை ஆரம்பிச்சுது.

"பம்பாய் போனியாம்ல. பாட்டுக் கேக்கவா?"

"ஆமாப்பத்தா."

"எம்புட்டு டிக்கெட்டு?"

பாதியாக் குறைச்சுச் சொன்னேன். அதுக்கே வெத்தலை இடிக்கிறதை நிறுத்திட்டு என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. திட்டு விழும்னு தலையைக் குனிஞ்சேன். விழலை.

"எங்கய்யாவும் இப்புடித்தான். கிடாயை வித்துப்புட்டுப் போயி மதுரையில கிட்டப்பா பாட்டுக் கேட்டுட்டு வந்தாக. எங்க தாத்தா கட்டி வச்சு அடிச்சாகளாம்."

"கிட்டப்பாவா? எந்தக் கிட்டப்பா அப்பத்தா?"

"எத்தனை கிட்டப்பாடா இருக்காக!"

அப்பத்தா பிறந்த ஊரும் இதே சுத்துவட்டாரம்தான். அதோட அய்யா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, அப்போ கல்யாணம் ஆகாத இளந்தாரி. வீட்டுக்குத் தெரியாம கிடாயை வித்து, ராத்திரியோட ராத்திரியா மணப்பாறைக்கு நடந்து, அங்கே இருந்து ரயில் ஏறி மதுரை. இருபது கிலோமீட்டருக்கு மேல நடை! நான் ஃபிளைட்ல ஜன்னல் சீட் கிடைக்கலைன்னு புலம்பினவன்.

சரி, யார் இந்தக் கிட்டப்பா? என் வயசுக்காரங்களுக்காக ஒரு கொசுவத்தி சுத்திடறேன்.

செங்கோட்டை கங்காதரையர் கிட்டப்பா. 1906 ஆகஸ்ட் 25-ல் பிறந்தவர். செங்கோட்டை அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. வீட்டில் வறுமை. அண்ணன் தம்பிகளோட சின்னப் பிள்ளையிலேயே நாடகக் கம்பெனிக்குப் போயிட்டார். குருகுலத்தில் வருஷக்கணக்கா உட்கார்ந்து கத்துக்கிட்டவர் இல்லை, பெரும்பாலும் கேள்வி ஞானம்தான். ஆனா அவர் பாடினா வித்வான்களே கொட்டகைக்கு வந்து உட்காருவார்கள் என்று அந்தக் காலத்து ஆட்கள் பலரும் எழுதி வச்சிருக்காங்க. கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்' அவரைப் பெரிய நட்சத்திரம் ஆக்கியது. அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியம். 1920-களின் நடுவில் கொழும்பு மேடையில் கே.பி.சுந்தராம்பாளோட ஜோடி சேர்ந்தார். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் அவர் வேலன், இவர் வள்ளி. ஒருத்தரை ஒருத்தர் விடாம மேலே மேலே தூக்கிப் பாடுகிற போட்டி. அதைப் பார்க்கத்தான் ஊர் ஊரா ஜனம் கிளம்பினது. மேடையில் ஆரம்பிச்ச ஜோடி வாழ்க்கையிலும் சேர்ந்தது. அவருக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகியிருந்தது, அதனால அந்தக் கதையில வலியும் நிறைய.

1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்தார். வயசு 27.

இந்த நம்பரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராக் ரசிகர்களுக்குத் தெரியும், 27 ஒரு கெட்ட நம்பர். ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின் ரெண்டு பேரும் 1970. ஜிம் மாரிசன் 1971. கர்ட் கோபேன் 1994. ஏமி வைன்ஹவுஸ் 2011. எல்லாருக்கும் 27. இந்த வரிசையில் வழக்கமா முதல் ஆளாச் சொல்லப்படுகிற ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் செத்தது 1938-ல். நம்ம செங்கோட்டைக்காரர் அவருக்கும் அஞ்சு வருஷம் முன்னாடியே போயிட்டார்! அந்த லிஸ்ட்டை ஹாஸ்டல் சுவர்ல ஒட்டி வச்சிருந்த எனக்கு, அதில் ஒரு தமிழன் பேரும் இருக்கணும்னு இருபத்தெட்டு வயசு வரைக்கும் தெரியலை. யாருகிட்ட போய் கோவிச்சுக்கறது?

சரி, மறுபடி சத்தத்துக்கு வருவோம். ஏன்னா எனக்கு இந்த விஷயத்துல தீராத ஆச்சரியம் அதுதான்.

கொள்ளுத்தாத்தா வாங்கினது தரை டிக்கெட். கடைசியில உட்கார்ந்திருந்தாராம். "காதுக்குள்ள வந்து பாடுன மாதிரி இருந்துச்சாம்" என்பது அப்பத்தா வழியா வந்த சாட்சியம். மைக் எல்லாம் 1930-களில்தான் மெதுமெதுவா நம்ம மேடைகளுக்கு வர ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி, தகரக் கூரையோ ஓலைக் கூரையோ போட்ட கொட்டகையில, சோடா விக்கிற சத்தம், பிள்ளை அழுகிற சத்தம், கேஸ் லைட் உஸ்ஸுன்னு இரையுற சத்தம், இத்தனையும் தாண்டிக் கடைசி ஆளுக்குப் போய்ச் சேரணும். தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். இது திறந்தவெளிக் கணக்கு. கொட்டகைக்குள்ள கூரையும் சுவரும் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். தாமதக் கோபுரம் கிடையாது. தொண்டைதான் கோபுரம்.

அதுக்காகத்தான் அந்தக் காலத்து ராஜபார்ட்கள் சுருதியை அவ்வளவு உசத்தி வச்சாங்க. ஹார்மோனியத்தில் ஒரு கட்டை, ரெண்டு கட்டை என்று எண்ணுகிறோமே, அந்தக் கணக்கில் இன்றைக்குக் கச்சேரி பண்ணுகிற ஆண்கள் பலர் ஒரு கட்டை, ஒண்ணரைக் கட்டையில் பாடுவார்கள். நாடகக்காரர்களுக்கு நாலரை, ஐந்து சகஜம். ஐந்து கட்டை என்றால் சட்ஜமே சுமார் 196 ஹெர்ட்ஸ். மேல் சட்ஜம் 392. அதுக்கும் மேலே பஞ்சமத்தைத் தொட்டா 588. ஒரு ஆம்பளை அந்த இடத்துல நின்னு, கத்தாம, பாட்டாப் பாடணும். அதுவும் பொய்க்குரல் இல்லாம. நம்ம காது ரொம்பக் கூர்மையாக் கேட்கிறது 2000-லிருந்து 4000 ஹெர்ட்ஸ் வரைக்குமான பகுதியில. திறந்த குரலில் உச்சத்தில் பாடும்போது அதோட மேல் அதிர்வுகள் வந்து விழுறது அங்கேதான். யாரும் அவங்களுக்கு இந்த இயற்பியலைச் சொல்லிக்கொடுக்கலை. கடைசி வரிசையில இருந்து வர்ற விசில்தான் வாத்தியார். மைக் வந்தது, கட்டை இறங்கினது. பிற்பாடு வந்தவங்க குசுகுசுன்னு பாடியே உருக வைக்க முடிஞ்சது அதனாலதான். அதுவும் எனக்குப் பிடிக்கும், ஆனா அது வேற விளையாட்டு.

இந்த இடத்துல எங்க மாவட்டப் பெருமையைக் கொஞ்சம் பீத்திக்கலாமா? நாடகப் பாட்டு இப்படி வளர்ந்ததில் புதுக்கோட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. 'வள்ளி திருமணம்', 'கோவலன்' எல்லாம் எழுதின சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஆனா தாளமும் இசையும் நுணுக்கமாக் கத்துக்கிட்டது புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைகிட்ட. கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக்கின அதே மான்பூண்டியா பிள்ளைதான். சுவாமிகளைத் தன் சுவீகாரப் பிள்ளையாவே ஏத்துக்கிட்டார். அந்தக் கணக்குதான் நாடகப் பாட்டு வழியா ஊர் ஊரா, திருவிழா மேடை மேடையாப் பரவினது.

கோவலன்னதும் இன்னொண்ணு. சிலப்பதிகாரத்துல உறையூரில் இருந்து மதுரைக்குப் போற கோவலனுக்கு ஒருத்தர் வழி சொல்றார். கொடும்பைக் குளம் வரைக்கும் போ, அங்கே சிவன் கைச் சூலம் மாதிரி பாதை மூணாப் பிரியும்னு. அந்தக் கொடும்பை எங்க ஊர்தான். ஆக இது அப்பவே மதுரைக்குப் போற வழி. 1942-ல் 'கண்ணகி' படத்தில் கோவலனா நடிச்சவர் பி.யு.சின்னப்பா, அக்மார்க் புதுக்கோட்டைக்காரர். 1964-ல் 'பூம்புகார்' படத்தில் அந்த ஜோடியோட நடந்து போற கவுந்தியடிகளா நடிச்சவர் யாருன்னு நினைக்கிறீங்க? கே.பி.சுந்தராம்பாள்! எங்க கொள்ளுத்தாத்தாவும் அவங்க பாட்டைக் கேட்க அதே மதுரைக்குத்தான் போனார், என்ன, ரயில்ல. இதுக்கெல்லாம் அர்த்தம் ஒண்ணும் கிடையாது, எனக்கு ஒரு அல்ப சந்தோஷம், அவ்வளவுதான் :-)

சின்னப்பா கதையே தனிப் பதிவுக்குத் தாங்கும். சிறுவர் நாடகக் கம்பெனியில வளர்ந்து, குரல் உடைஞ்சதும் ஊருக்குத் திரும்பி, சிலம்பமும் உடற்பயிற்சியுமாக் கிடந்து, மறுபடி எழுந்து வந்தவர். 1940 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேஷம். 1944 'ஜகதலப்ரதாபன்' படத்தில் ஒரே காட்சியில் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களுமா அவரே உட்கார்ந்திருப்பார். புதுக்கோட்டையில வீடு வீடா வாங்கித் தள்ளினதைப் பார்த்து, இனி இவருக்கு யாரும் வீடு விக்கக் கூடாதுன்னு சமஸ்தானமே தடை போட்டதுன்னு எங்க ஊர்ல இன்னிக்கும் சொல்வாங்க. 1951-ல் 35 வயசிலேயே போயிட்டார். ஆனா அவருக்கும், 1934-ல் 'பவளக்கொடி' மூலமா சினிமாவுக்குப் போன தியாகராஜ பாகவதருக்கும் ஒரு கொடுப்பினை உண்டு. அவங்களைப் படத்துல பார்க்கலாம். கை எப்படி ஆட்டினாங்க, உச்சத்துக்குப் போகும்போது முகம் எப்படி இருந்ததுன்னு தெரியும்.

கிட்டப்பாவுக்கு அது இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் கடைசியில வந்துட்டது. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் உயிரோட இருந்தார். ஒரு படத்திலும் நடிக்கலை. மிச்சம் இருக்கிறது சில புகைப்படங்களும் கொஞ்சம் இசைத்தட்டுகளும்தான். அவர் போன பிறகு சுந்தராம்பாளுக்கு 25 வயசு. வெள்ளைச் சேலை உடுத்திக்கிட்டாங்க, 1980-ல் சாகிற வரைக்கும் அதுதான். ஆம்பளைகளோட ஜோடியா நடிக்கிறதில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. 1935-ல் 'நந்தனார்' எடுத்தவங்க ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து அழைச்சப்போ, நந்தனார் வேஷத்தைத் தானே போட்டுக்கிட்டு நடிச்சாங்க. அந்த ஒரு லட்சத்தைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க. எனக்கு அந்த வெள்ளைச் சேலைதான் கண்ணுலயே நிக்குது.

நான் ஊருக்குப் போயிருந்த அதே வாரம் பக்கத்து ஊர்த் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' ஸ்பெஷல் நாடகம். சின்னப் பையனா இருந்தப்போ பபூன் வர்ற வரைக்கும் பார்த்துட்டுத் தூங்கிப்போன நாடகம். இந்தத் தடவை பெட்ஷீட்டோட போய் முன்னாடியே இடம் பிடிச்சேன். ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும்னு தெரியாதவங்களுக்கு: இதுல நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஹார்மோனியம் வேற, மிருதங்கம் வேற. அன்னிக்குச் சாயந்திரம்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பாங்க. ஒத்திகையே கிடையாது. எல்லாருக்கும் சங்கரதாஸ் சுவாமிகளோட பாடம் மனப்பாடம், அதுதான் பொது ஒப்பந்தம். நம்ம பாஷையில சொன்னா, டெஸ்டிங் இல்லாம நேரா புரொடக்‌ஷன்ல இறக்குறது. நாங்க அப்படிச் செஞ்சா ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும். இவங்க ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் உச்சத்துக்கே வர்றாங்க. நாரதரும் வள்ளியும் தர்க்கம் ஆரம்பிச்சா விடியும். இப்போ மைக், எக்கோ, கலர் லைட் எல்லாம் உண்டு. ஒரு கட்டத்துல கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் எடுக்க நாலஞ்சு நிமிஷம். வள்ளியா நடிச்ச அம்மா பாட்டை நிறுத்தலை. கால் ஹார்மோனியத்துக்குக் கரண்ட் வேண்டாம், மிருதங்கத்துக்கும் வேண்டாம். இருட்டுல, செல்போன் வெளிச்சத்துல, அந்தக் குரல் மட்டும் எங்க தலைக்கு மேலே நேரா வந்தது. கூட்டம் பேச்சை நிறுத்திட்டது. முதுகுத்தண்டுல ஒண்ணு ஓடினது பாருங்க, மும்பையில ஓடின அதேதான். லைட் வந்ததும் எல்லாரும் கைதட்டினாங்க. எனக்கு மட்டும் இன்னும் ரெண்டு நிமிஷம் வராம இருந்திருக்கலாம்னு தோணுச்சு.

கொள்ளுத்தாத்தா மதுரையில் அடி வாங்கத் தயாராப் போய்க் கேட்டது இந்த மாதிரி ஒண்ணைத்தான் போல. அவர் அதுக்கப்புறம் வேற எந்த நாடகத்துக்கும் காசு கொடுத்துப் போகலையாம். ரொம்ப வருஷம் கழிச்சு, செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீட்டுல கிராமபோன் பெட்டியில கிட்டப்பா தட்டு வச்சாங்களாம். கொஞ்ச நேரம் கேட்டுட்டு எழுந்து வந்துட்டாராம். "அவுகதான். ஆனா சின்னதா இருக்கு"ன்னாராம்.

கிழவர் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இடம். மேடையில அரைமணி விரிச்ச பாட்டை மூணு நிமிஷத்துக்குள்ள மடிச்சுத் திணிக்கணும். 1920-களின் பின்பாதியில மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகும், சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது பெரும்பாலும் தட்டில் ஏறாது. இன்னொரு சிக்கல் வேகம். 78 சுற்றுன்னு பேர், ஆனா அந்தக் காலத்துல பதிவு பண்ணின மெஷின் எல்லாம் மிகச்சரியா 78-ல் சுத்தினதுன்னு சொல்ல முடியாது. நாலு சுற்று வித்தியாசம் இருந்தாலே சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை மாறிடும். யூடியூபில் இருக்கிற கிட்டப்பாவின் 'எவரனி' பாட்டை இறக்கி, ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து சாஃப்ட்வேரில் சுருதி அளந்தேன். நம்பர் வந்தது. அது அவரோட நம்பரா, தட்டைச் சுத்தினவரோட நம்பரா? அதனால அதை இங்கே எழுதலை.

ஊரில் இருந்து கிளம்புறதுக்கு முதல் நாள் சாயந்திரம் அப்பத்தாகிட்ட போனைக் கொடுத்தேன். அதுக்கு 83 வயசு. கிட்டப்பாவைக் கேட்டதே இல்லை. அய்யா பாடிக் கேட்டதுதான். கமலை இறைக்கும்போது பாடுவாராம். வார்த்தை இருக்காதாம், ராகம் மட்டும். என்ன பாட்டுன்னு அதுக்குத் தெரியாது.

சத்தத்தை முழுசா வச்சு அது காதுகிட்டப் பிடிச்சேன். கரகரன்னு இரைச்சல், அதுக்குள்ள இருந்து அந்தக் குரல். மூணு நிமிஷமும் அப்பத்தா அசையலை. முடிஞ்சதும், "இன்னொருக்க போடு"ன்னுச்சு.

ரெண்டாவது தடவை நடுவுல ஒரு இடத்துல, குரல் திடீர்னு மேல ஏறும்போது, அப்பத்தா என் மணிக்கட்டைப் பிடிச்சது.

"இந்தா… இந்த எடத்துலதான்டா மாடு பள்ளத்துல எறங்கும்."